நிற்கச் சொல்லும் வரை

மாப்பிள்ளை பட்டாளத்தில் இருக்கிறார் என்று சொன்னால் கோட்டூர்புரம் ஹவுசிங் போர்டு குடியிருப்பில் ஒருத்தரும் லேசில் நம்ப மாட்டார்கள். ஆள் என்னவோ வாட்டசாட்டம்தான், நிலைப்படியில் தலை இடிக்கிற உயரம். ஆனால் வாய்? கொழுக்கட்டையை அடக்கி வைத்திருக்கிற மாதிரி ஒரு மனுஷன். பஸ்ஸில் 'நிறுத்துங்க' என்று ஒரு வார்த்தை சொல்ல நா எழாமல், அடுத்த ஸ்டாப்பில் இறங்கி வேகாத வெயிலில் திரும்பி நடந்து வருகிற ரகம். கட்டிக்கொண்ட மதுமதிக்கே முதல் வாரம், ஐயையோ, ஊமையைப் பார்த்துக் கட்டி வைத்துவிட்டார்களோ என்று சந்தேகம் வந்துவிட்டது. அப்புறம்தான் தெரிந்தது, முருகையன் பேசுவான், பேச அவசியம் இருந்தால்.

அப்பேர்ப்பட்ட முருகையன் தொண்ணூற்றாறாம் வருஷம் பொங்கல் கழிந்து லீவில் வந்து பெட்டியைத் திறந்தால், சீருடைச் சட்டையின் கையில் மூன்றாவது பட்டை ஏறியிருக்கிறது! நாயக்காகப் போனவன் ஹவில்தாராக வந்திருக்கிறான். அதைக்கூட அவன் சொல்லவில்லை. துவைக்கச் சட்டையை எடுத்தபோது இவளாகப் பார்த்ததுதான்.

"இதை ஒரு கடுதாசியில எழுதப்படாதா? நல்ல ஆளுங்க நீங்க" என்று மதுமதி சட்டையை மார்போடு அணைத்துக்கொண்டு சண்டைக்குப் போனாள். "இனிமே எத்தனை பேரு உங்க சொல்லுக்குக் கட்டுப்படணும்?"

"ஒரு செக்‌ஷன். பத்துப் பேரு."

"ஏயப்பா!"

"இன்னும் முடியல. கோர்ஸ் இருக்கு."

பெல்காமில் புது ஹவில்தார்களுக்கு ஒரு தலைமைப் பயிற்சி. பத்துப் பேரை எப்படி நடத்துவது, எப்படி உத்தரவு சொல்வது, மலையில் எப்படிக் கொண்டுபோய் எப்படித் திருப்பிக் கொண்டுவருவது என்று பிழிந்து எடுப்பார்களாம். அதில் தேறினால்தான் மூன்றாவது பட்டை நிலைக்கும். 'எனக்கு வேண்டாம்' என்று எழுதிக் கொடுக்கவும் வழி உண்டு. எழுதிக் கொடுத்தால் பழையபடி நாயக்காகவே இருந்து சர்வீஸை முடித்துவிட்டு வரலாம். லீவு முடிந்து போய் நின்றதும் கம்பெனி கமாண்டர் கேட்கிற முதல் கேள்வி இதுவாகத்தான் இருக்கும்.

மதுமதிக்கு இதில் கேள்வியே இல்லை. சாத்தான்குளத்துப் பக்கம் செம்மண் காட்டிலிருந்து கல்யாணமாகி வந்தவள், வந்த நாளிலிருந்து தன் அண்ணன் வீட்டின் பின்னறையில் இருக்கிறாள். அண்ணனும் அண்ணியும் தங்கமானவர்கள், அதில் குறை சொன்னால் வாய் அழுகிவிடும். ஆனாலும் ஒரு கடுகு டப்பாவைக்கூடத் தன் இஷ்டத்துக்கு இடம் மாற்றி வைக்க முடியாத வாழ்க்கை அது. ஹவில்தார் ஆகிவிட்டால் பட்டாளத்தில் குடும்பத்தோடு இருக்கக் குவார்ட்டர்ஸ் கிடைப்பது சுலபம் என்று யாரோ சொல்லிக் கேட்டிருந்தாள். அன்றிலிருந்து கனவில்கூட அவளுக்குச் சொந்த அடுப்பங்கரைதான் வரும்.

அண்ணன் சுயம்புலிங்கத்துக்குக் கணக்கு வேறு. தி.நகரில் பாத்திரக்கடை. பண்டிகை நாளில் கடையில் நின்றால் மூச்சு முட்டும் கூட்டம். நம்பி உட்காரவைக்க ஓர் ஆள் வேண்டும் அவருக்கு.

"மாப்ளே, சொல்லுதேன்னு தப்பா நெனைக்காதீங்க" என்று இலைக்கு முன்னால் ஆரம்பித்துவிட்டார். "பட்டாளம் போதும். வேண்டாம்னு எழுதிக் குடுத்துட்டு, இருக்கிற காலத்தை முடிச்சுட்டு வந்து கல்லாவுல உக்காருங்க. பத்துப் பேரை மேய்க்கிறதுக்கு நம்ம கடைப் பையன்களை மேய்க்கலாம்."

முருகையன் ரசத்தைப் பார்த்துத் தலையை ஆட்டினான். அது 'ஆமா'வா 'இல்லை'யா என்று அந்த ரசத்துக்குத்தான் வெளிச்சம்.

ஆனால் மனுஷன் தயாராகிக்கொண்டும் இருந்தான். விடியுமுன் அடையாற்றுக் கரையோரம் ஓடிவிட்டு வருவான். மத்தியானம் வரைபடத்தை விரித்துப்போட்டு, எந்தச் சுழிக்கோடு மேடு, எந்தச் சுழிக்கோடு பள்ளம் என்று பென்சிலால் தடவிக்கொண்டிருப்பான். எல்லாம் சரி. பாக்கி நின்றது குரல் ஒன்றுதான். பரேடு மைதானத்தில் அந்தக் கோடியில் நிற்கிறவனை இந்தக் கோடியிலிருந்து குரலாலேயே திருப்ப வேண்டும், நடத்த வேண்டும், நிறுத்த வேண்டும். முதல் நாள் மொட்டை மாடியில் போய் 'சாவ்தான்!' என்று அடிவயிற்றிலிருந்து ஒன்று போட்டான் பாருங்கள், கீழ்வீட்டு ஸ்ரீனிவாசராகவன் மாமா வேஷ்டி தடுக்கத் தடுக்க மேலே ஓடி வந்துவிட்டார்.

"என்ன ஓய் இது! ஆத்துல பொண்ணு பரீட்சைக்குப் படிச்சிண்டிருக்கா. நான் யாரோ மாடியிலேர்ந்து விழுந்துட்டான்னுன்னா நெனைச்சேன்!"

முருகையன் அவரிடம் மன்னிப்புக் கேட்ட குரல் அவருக்கே கேட்கவில்லை. மதுமதிக்கோ ஒரு பக்கம் சிரிப்பு, ஒரு பக்கம் ஆச்சரியம். இந்த உடம்புக்குள் இவ்வளவு சத்தம் எங்கே ஒளிந்திருந்தது என்று அன்று முழுக்க அவனையே திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாளிலிருந்து பெசன்ட் நகர் கடற்கரை. அண்ணனின் டி.வி.எஸ். ஐம்பதில் இரண்டு பேரும் இருட்டுப் பிரியும்போதே கிளம்பிவிடுவார்கள். எதற்கு இவளும்? அதற்குக் காரணம் உண்டு. பட்டாளத்தில் இந்தப் பயிற்சியை ஒற்றை ஆளாகச் செய்ய முடியாதாம். ஜோடி ஜோடியாகப் பிரித்து, ஒருத்தனை மைதானத்தின் அந்தப் பக்கமும் ஒருத்தனை இந்தப் பக்கமும் நிறுத்துவார்கள். எல்லா ஜோடியும் ஒரே நேரத்தில் கத்தும். அந்த அமளியில் தன் ஜோடியின் குரலைப் பிரித்துக் கேட்டு அதன்படி நடக்க வேண்டும். பிறகு முறை மாற்றி, நடந்தவன் கத்த வேண்டும், கத்தினவன் நடக்க வேண்டும்.

"இங்க மத்த ஜோடிக்கு எங்க போறது?" என்றாள் மதுமதி.

முருகையன் கடலைக் காட்டினான். "அது கத்தட்டும்."

ஊரூர் குப்பத்துப் பக்கம் கட்டுமரங்கள் ஏறிக் கிடக்கிற இடம். முருகையன் தண்ணீர் ஓரமாக நின்றுகொண்டான். மதுமதி மணலில் ரொம்ப தூரம் தள்ளி ரோட்டுப் பக்கமாக. கடல் என்றாலே அவளுக்கு ஆகாது. கிணற்றுத் தண்ணீரை வாளியில் பார்த்து வளர்ந்தவள், கால் நனைக்கக்கூடக் கிட்டே போனதில்லை. அவ்வளவு தூரத்தில் அவன் ஒரு விரல் உயரம்தான் தெரிந்தான். ஹிந்தியில் ஏழெட்டு வார்த்தை சொல்லிக் கொடுத்திருந்தான். சாவ்தான் என்றால் விறைப்பு. தாஹினே முட் என்றால் வலப்பக்கம் திரும்பு. பாயே முட் இடப்பக்கம். பீச்சே முட் என்றால் பின்பக்கம். தேஸ் சல் நடை. தம் என்றால் நில்.

புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, 'யாராச்சும் தெரிஞ்சவங்க வந்துடக் கூடாதே சாமி' என்று வேண்டிக்கொண்டுதான் நின்றாள். வலை உதறிக்கொண்டிருந்த தேசப்பன் என்ற மீனவர் வாயிலிருந்த பீடியை எடுத்துவிட்டு வேடிக்கை பார்த்தார்.

"தாஹினே... முட்!"

ஐயோ அம்மா! அலையின் இரைச்சலைப் பிளந்துகொண்டு அது வந்த வேகம் இருக்கிறதே. காதில் விழுந்ததோ இல்லையோ, வலது குதிகால் மணலில் சுழன்று, மதுமதி தெற்கே பார்த்துத் திரும்பி நின்றுவிட்டாள். வலது எது, இடது எது என்று யோசிக்கவே நேரமில்லை. திரும்பின பிறகுதான் திரும்பியிருக்கிறோம் என்று தெரிந்தது. கையெல்லாம் மயிர்க்கூச்செறிந்து போயிற்று. யார் கூப்பிட்டது? ராத்திரி தண்ணீர் வேண்டுமென்றால்கூட இவள் முகத்தைப் பார்த்து நிற்கிற அந்த மனுஷனா?

"இன்னாம்மா, உன் வூட்டுக்காரரு மிலிட்ரியா?" என்றார் தேசப்பன். "கொரல் கடலுக்கு மேலே கீதே! எங்க கட்டுமரத்துல ஏத்திக்கினா அடுத்த மரத்தைக் கூப்பிடத் தோதா இருக்கும்."

"ஹவில்தார்" என்றாள் மதுமதி, கழுத்தை நிமிர்த்திக்கொண்டு. அந்த வார்த்தையை வெளியாளிடம் அவள் சொன்னது அதுதான் முதல் தடவை. சொல்லச் சொல்ல வாய் இனித்தது.

இப்படியே நாட்கள் போயின. அவன் கத்துவான், இவள் நடப்பாள், திரும்புவாள், நிற்பாள். ஆனால் முறை மாற்றி இவள் கத்த வேண்டிய பாதியை மட்டும் முருகையன் பேச்சே எடுக்கவில்லை. குரல் நாளுக்கு நாள் ஏறிக்கொண்டு வந்தது. முகம்தான் நாளுக்கு நாள் இறங்கிக்கொண்டு வந்தது. லீவு முடியப் போகிற சமயம், பயிற்சி முடிந்து மணலில் உட்கார்ந்திருந்தபோது மெல்ல வாயைத் திறந்தான்.

"மதி. வேண்டாம்னு எழுதிக் குடுத்துடலாம்னு பாக்குதேன்."

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "எதுக்கு? இந்தக் குரலை வச்சுக்கிட்டா?"

"இது பரேடு. பரேடுல யாருக்கும் வரும்." மணலை அள்ளி விரலிடுக்கில் விட்டான். அப்புறம் மூன்று வருஷமாக அவளிடம் சொல்லாததைச் சொன்னான்.

லடாக் பக்கத்துப் பனிமலை. வரிசையாகக் கயிறு கட்டிப் போகிறார்கள். முன்னால் போகிறவன் முருகையன். கடைசியில் வருகிறவர் ஹவில்தார் குஞ்ஞப்பன், பாலக்காட்டுக்காரர். பனிமூட்டம் இறங்கிவிட்டது. நீட்டின கை தெரியாது. மேலே கீழே எல்லாம் ஒரே வெள்ளை. நட என்று உத்தரவு, நடந்துகொண்டிருக்கிறான். திடீரென்று பின்னாலிருந்து ஒரே ஒரு வார்த்தை. தம்! தூக்கின கால் தூக்கினபடி நின்றது. அந்தக் காலை ஊன்ற வேண்டிய இடத்தில் தரை இல்லை. பனி மூடிய பிளவு, எவ்வளவு ஆழம் என்று யாருக்கும் தெரியாது.

"அவருக்கு எப்படித் தெரிஞ்சுது?"

"கயிறு ஒரு மாதிரி தொய்ஞ்சுதாம். தெரியல. கேட்டா அவருக்கும் சொல்லத் தெரியல." முருகையன் கடலைப் பார்த்தான். "ஒரு நிமிஷம் யோசிச்சிருந்தாருன்னா நான் இல்லை. அந்த வார்த்தை தொண்டையில சிக்கியிருந்தாலும் நான் இல்லை. இனிமே அந்த இடத்துல நான் இருக்கணும். முன்னால பத்துப் பேரு நடந்துக்கிட்டு இருப்பான். நான் சொன்னா நடப்பான், நிக்கச் சொல்லுற வரைக்கும் நடப்பான். அந்த நேரத்துல எனக்குக் குரல் வருமா? பஸ்ஸை நிறுத்தவே எனக்கு வரல."

தன் புருஷன் ஒற்றைக் காலைத் தூக்கிக்கொண்டு ஒன்றுமில்லாததன் விளிம்பில் நின்றிருக்கிறான், அந்தச் சமயம் தான் இங்கே அண்ணியோடு முறுக்குப் பிழிந்துகொண்டு இருந்திருப்போம் என்று நினைக்க நினைக்க மதுமதிக்கு என்னவோ செய்தது. ஆனால் அடுப்பங்கரை ஆசை சும்மா இருக்குமா? அது அவளை முந்திக்கொண்டு பேசிற்று.

"வராம என்ன? கத்துறது ஒரு பெரிய வித்தையா? வேளை வந்தா தன்னால வந்துட்டுப் போவுது. வேணும்னா பாருங்க, இன்னிக்கு நான் கத்துதேன், நீங்க நடங்க. என்னாலயே முடியும்னா உங்களால முடியாதா?"

முருகையன் அவளை ஒரு கணம் பார்த்தான். "விளையாட்டு இல்லையே?"

"இல்லை."

"அப்போ ஒண்ணு. உன் சத்தம் தெளிவாக் கேட்டாத்தான் செய்வேன். பாவம் பொம்பளைன்னு நானா நிக்க மாட்டேன். தம் சொல்லுற வரைக்கும் நடை நடைதான். அதான் பாடம்."

"ஆகட்டும், ஆகட்டும். ரொம்பத்தான்" என்று சொல்லிவிட்டு மதுமதி ரோட்டுப் பக்கமாக நடந்துபோய் நின்றுகொண்டாள்.

முதல் கொஞ்ச நேரம் ஜோராகப் போயிற்று. எதிரே நிற்கிறவனுக்கு எல்லாம் தலைகீழ், இவளுக்கு வலம் என்றால் அவனுக்கு இடம். அதில் இரண்டு தடவை குழம்பி, அப்புறம் பிடித்துக்கொண்டாள். தேஸ் சல் என்றாள், நடந்தான். தம் என்றாள், நின்றான். அடேயப்பா! அவ்வளவு பெரிய ஆள், பனியையும் பிளவையும் பார்த்த ஆள், தன் ஒரு வார்த்தைக்கு அசைகிறான். மதுமதிக்குத் தலைகால் புரியவில்லை. கரையோரமாக அவனைத் தெற்கே நடத்தினாள். இனி தன் பக்கம் திருப்பி, தன் முன்னாலேயே கொண்டுவந்து நிறுத்திவிட வேண்டும். தேசப்பன் பார்க்கட்டும்.

வலப்பக்கம் திருப்ப வேண்டும். வாய் வரைக்கும் தாஹினே வந்துவிட்டது. அப்போதுதான் புத்தி குறுக்கே விழுந்தது. இரு, இரு, அவனுக்குத்தான் எல்லாம் தலைகீழாயிற்றே! அவன் இப்போது எதிரே நிற்கவில்லை, பக்கவாட்டில் போய்க்கொண்டிருக்கிறான், அவனுக்கு வலம் வலம்தான் என்பது அவளுக்கு உறைக்கவில்லை.

"பாயே முட்!"

முருகையன் சட்டென்று இடப்பக்கம் திரும்பினான். திரும்பி, கடலைப் பார்த்து நடந்தான்.

மதுமதி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். தண்ணீர் காலில் பட்டதும் நின்றுவிடுவான் என்றுதான் நினைத்தாள். நிற்கவில்லை. முழங்கால் வந்தது. கை வீச்சு குறையாமல், தலை குனியாமல், மைதானத்தில் நடக்கிற மாதிரியே நடந்தான். "தம்!" என்று சிரிப்போடு சிரிப்பாகச் சொன்னாள். அந்தச் சிரிப்பில் குரல் பாதிதான் வந்தது. ஓர் அலை வந்து அதை அமுக்கிவிட்டுப் போயிற்று. இடுப்பு.

"ஏங்க! போதுங்க! திரும்புங்க!"

சிரிப்பு எங்கே போயிற்றென்று தெரியவில்லை. அந்தக் கடல் பார்க்கத்தான் சாது. உள்ளே இழுப்பு இருக்கிறது, குளிக்க வந்தவர்களை வருஷா வருஷம் கொண்டுபோகிறது என்று அண்ணன் சொல்லிச் சொல்லிப் பயமுறுத்தியிருந்தார். ஓர் அலை எழும்பி அவன் தலைக்கு மேலே உடைந்தது. தலை மறைந்தது. மறுபடி தெரிந்தபோது இன்னும் உள்ளே இருந்தது, அப்போதும் போய்க்கொண்டே இருந்தது.

"யோவ்! இன்னாய்யா பண்றே, சொழலு கீதுய்யா அங்கே!" என்று தேசப்பன் வலையைப் போட்டுவிட்டு எழுந்தார்.

மதுமதி அலறினாள். முருகா என்றாள், ஏங்க என்றாள், வந்துடுங்க என்றாள், அழுதாள். அழுகை ஏற ஏறக் குரல் கீச்சென்று மெலிந்து, கடலுக்கு முன்னால் ஒன்றுமே இல்லாமல் போயிற்று. ஒரு சொல். அந்த ஒரே ஒரு சொல் வேண்டும். அது தொண்டையில் சிக்கிக்கொண்டு கிடந்தது. ஐயோ, இதையா இவன் சொன்னான்! இதையா நான் பெரிய வித்தையா என்று கேட்டேன்! என் ஒரு வார்த்தையில் அல்லவா போய்க்கொண்டிருக்கிறான், திரும்பிக்கூடப் பார்க்க மாட்டேனென்கிறானே, படுபாவி, அவ்வளவு நம்பிக்கையா என் மேல்?

எங்கிருந்து வந்தது என்று அவளைக் கேட்டால் இன்றைக்கும் தெரியாது. அழுகை அறுந்தது. மூச்சு அடிவயிறு வரைக்கும் இறங்கியது.

"தம்!"

கட்டுமரத்தின் மேல் இருந்த காக்கைகள் எல்லாம் எழும்பிப் பறந்தன. ஓடி வந்துகொண்டிருந்த தேசப்பன்கூட நடுவழியில் நின்றுவிட்டார்.

மார்பளவு தண்ணீரில் முருகையன் நின்றான்.

நின்றான் என்றால், எப்படி நின்றான்! கை இரண்டும் தொடையோடு ஒட்ட, முதுகு நிமிர்ந்து, அசையாமல் நின்றான். அலை வந்து முகத்தில் அறைந்தது, பிடரியில் ஏறி விழுந்தது. ஒவ்வொரு தடவையும் ஆள் ஆடினான், ஒவ்வொரு தடவையும் அதே இடத்தில் நிமிர்ந்தான். திரும்பவில்லை. திரும்பச் சொல்லி அவள் இன்னும் சொல்லவில்லையே! கோயிலில் கதவு திறந்து தீபாராதனை காட்டும்போது ஒரு நொடி உடம்பு மறந்து போகுமே, மதுமதிக்கு அப்படிப் போயிற்று. இப்படி ஒருத்தன் தன் உயிரை அடுத்தவர் வாயில் வைத்துவிட்டு நிற்க முடியுமா? பத்துப் பேர், இதே மாதிரி, இவன் வாயைப் பார்த்து நிற்கப் போகிறார்களா?

"பீச்சே... முட்!"

திரும்பினான். முகத்தில் வழிந்த தண்ணீரைக்கூடத் துடைக்கவில்லை. ஆனால் அவளைப் பார்த்ததும் அந்த முகம் மாறியது. கண் விரிந்தது. அவன் எதைப் பார்க்கிறான் என்று புரியாமல் மதுமதி குனிந்து தன்னைப் பார்த்துக்கொண்டாள்.

இடுப்பளவு தண்ணீரில் நின்றுகொண்டிருந்தாள். புடவை சுற்றிலும் மிதந்துகொண்டிருந்தது. ரோட்டுப் பக்கத்திலிருந்து எப்போது ஓடி வந்தாள், மணல் எப்போது முடிந்தது, தண்ணீர் எப்போது காலில் பட்டது, ஒன்றும் தெரியவில்லை.

"தேஸ் சல்" என்றாள். இப்போது கத்த வேண்டியிருக்கவில்லை.

தண்ணீரைத் தள்ளிக்கொண்டு நடந்து வந்தான். கிட்டே வரவர, நிற்கச் சொல்ல வேண்டும் என்று அவளுக்குத் தெரிந்தது. வாயைத் திறந்தால் சொல் வரவில்லை. முருகையன் ஒரு கை தூரத்தில் வந்து, சொல்லாமலே நின்றான்.

"பாடம் முடிஞ்சுது" என்றான்.

மதுமதி அவன் நனைந்த மார்பில் இரண்டு கையாலும் குத்தினாள், எத்தனை குத்து என்று கணக்கில்லை. "அறிவு இருக்கா உங்களுக்கு? நான் கத்தாம போயிருந்தா? போய்க்கிட்டே இருந்திருப்பீங்களா?"

"நீ விட்டுற மாட்டேன்னு தெரியும்."

"எப்படித் தெரியும்? எனக்கே தெரியலையே!"

இருவருக்கும் இடையே தண்ணீர் ஏறி இறங்கியது. கரையிலிருந்து தேசப்பன், "சண்டையை மேல வந்து போடுங்கம்மா, உங்க ரெண்டு பேரையும் நான்தான் இஸ்துக்கினு வரணும் போல கீது" என்று கத்தினார்.

கை கோத்துக்கொண்டு கரையேறினார்கள். மணலில் விழுந்த மாதிரி உட்கார்ந்தார்கள். மதுமதியின் பல் கிட்டித்தது. அவன் தன் சட்டையைப் பிழிந்து அவள் தோளில் போட்டான். வெயில் ஏறிக்கொண்டிருந்தது.

"போக வேண்டாங்க" என்றாள். இத்தனை மாசமாக ஊதி ஊதி வளர்த்த ஆசையைத் தானே அணைத்தாள். "கோர்ஸும் வேண்டாம், குவார்ட்டர்ஸும் வேண்டாம். அண்ணாச்சி கடையிலயே இருந்துடுவோம். அவ்வளவு நேரம் நான் செத்துப் போயிட்டேன். ஒரு ஆளுக்கே. பத்துப் பேருக்கு உங்களுக்கு எப்படித் தாங்கும்?"

முருகையன் அவள் புடவையின் ஈரத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அன்னிக்குப் பனியில, நான் திரும்பினப்போ, குஞ்ஞப்பன் சேட்டன் கடைசியில இல்லை மதி. அஞ்சு பேரைத் தாண்டி எனக்குப் பின்னால வந்து நின்னுக்கிட்டு இருந்தாரு. முழங்கால் ரெண்டும் நடுங்குது. எப்போ வந்தீங்கன்னு கேட்டேன். அவருக்குத் தெரியல. நான்கூட அப்போ, பெரியவருக்கே இவ்வளவு பயமான்னு நெனச்சேன்." நிறுத்தினான். இவ்வளவு நீளமாக அவன் பேசி அவள் கேட்டதே இல்லை. "இத்தனை நாளும் நான் குரலுக்குத்தான் பயந்தேன். பத்துப் பேரு முன்னால போவான், நான் பின்னால பத்திரமா நின்னுக்கிட்டுக் கத்தணும், கத்த முடியலன்னா என்ன பண்ணன்னு. இப்போ உன்னைப் பாத்தேன்ல. நீ நின்ன இடத்துல நிக்கவே இல்லையே. ஆளே கிளம்பி வந்துட்டா, குரலும் கூடவே வந்துடுது."

மதுமதிக்கு முழுசாகப் புரிந்ததா என்றால், சொல்ல முடியாது. ஆனால் அவன் முகத்தில் இத்தனை நாளும் இறங்கிக்கொண்டே வந்த எதுவோ இப்போது இல்லை என்பது புரிந்தது. புரிந்ததும் அழுகை வந்தது.

"நான் போறேன் மதி" என்றான். "கோர்ஸுக்குப் போறேன்."

இந்த வார்த்தைக்காகத்தானே இத்தனை நாள் தவம் கிடந்தாள்? துள்ளிக் குதித்திருக்க வேண்டும். குதிக்கவில்லை. முகம் தெரியாத பத்துப் பேர் அவள் கண்ணுக்குள் வரிசையாக வந்து நின்றார்கள். அந்தப் பத்துப் பேருக்கும் எங்கெங்கோ ஊரில் ஒவ்வொருத்தி இருப்பாள், முறுக்குப் பிழிந்துகொண்டோ, துணி துவைத்துக்கொண்டோ. அவளுகளுக்கு ஒன்றும் தெரியாது.

"போங்க" என்றாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு அவன் முகத்தை நேராகப் பார்த்தாள். "ஆனா ஒருத்தன் குறையாம கூட்டிட்டு வரணும். பத்துப் பேரும். கேட்டுதா?"

முருகையன் தலையை ஆட்டவில்லை. எழுந்து நின்றான். ஈரக் கால்சட்டையிலிருந்து மணல் உதிர, அவள் முன்னால் விறைப்பாக நின்று, வாய் திறந்து, தேசப்பன் காதிலும் விழும்படிச் சொன்னான்.

"கேட்டுது."